ஒன்பது மணிவரை ஐஸ்

ஜனவரி மூன்றாம் கிழமை.
நுவரெலியா மாநகரசபை மைதானத்தில் உறைபனி
உப்புத் தூவினாற்போல் கிடக்கிறது.
பிள்ளைகள் இதைத்தான் ஐஸ் ஹொக்கி என்கிறார்கள்,
வெயில் ஏறும்வரை.

ரொரண்டோவிலிருந்து என் மைத்துனன்
நிஜ ஐஸ் ஹொக்கி அனுப்பியிருந்தான் போனில்.
கல்லூரிப் பிள்ளைகளாம், கத்தி பூட்டிய சப்பாத்தாம்,
கண்ணாடிச் சுவரில் மோதி மோதி எழும்புகிறார்கள்.
பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது.
ஆனால் யாருடைய கணுக்கால்
போன வருஷம் பிசகியது என்று தெரியவில்லை.
அது தெரியாமல் ஒரு ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது?

எனக்கு எங்கள் பிள்ளைகளின் கால்கள் தெரியும்.
பாமசியில் நிற்கிறவள் நான்.
கிரேப் பேண்டேஜ் யார் வாங்குகிறார்கள் என்பதை வைத்தே
பருவம் எப்படிப் போகும் என்று சொல்லிவிடுவேன்.
தனுஜாயினி இன்னும் வரவில்லை, நல்ல சகுனம்.
ஹேஷானி வந்தாள், ஆனால் தடிமன் மருந்துக்கு.
ஜெகதீஸ்வரன் சேர் போன பருவத்துப் பிளாஸ்டருக்கு
நானூற்றைம்பது ரூபா தரவேண்டும்.
தோற்ற அணியிடம் கடன் கேட்க மனம் வரவில்லை.
வெல்லட்டும், கேட்கிறேன்.

தோற்றது எப்படி என்று யாராவது கேட்டால்
கடையில் வரிசை நின்றாலும் சொல்வேன்.
அரையிறுதி. மாத்தளைக்காரிகள். ஒன்றுக்கு ஒன்று.
கடைசி நாலு நிமிஷம்.
மூடுபனி இறங்கி
முதலில் தூரத்துக் கோலை விழுங்கியது,
பிறகு நடுக்கோட்டை,
பிறகு நடுவரை.
தடியில் தடி படும் சத்தம் மட்டும்.
பிறகு டொக் என்று ஒன்று.
பிறகு விசில்.

அந்த டொக் கம்பத்தில் பட்டது.
உள்பலகையில் இல்லை.
கோலுக்குப் பின்னால் பத்தடியில் நின்றவள் நான்,
தொண்டை கிழியக் கத்தினேன்.
என்னை யாரும் கேட்கவில்லை.

ஆறு மாதம் அந்த டொக்கைச் சுமந்தேன்.
டிசம்பரில் கிருஷாந்தினி கடைக்கு வந்தாள்,
அன்று கோல் காத்தவள்.
இப்போது வாவிக்கரை ஹோட்டலில் ரிசப்ஷன்,
இழுத்துக் கட்டிய கொண்டை, உதட்டுச் சாயம்.
அம்மாவுக்குப் பிரஷர் குளிசை ஒரு மாதத்துக்கு.
வழக்கம்போல் தொடங்கினேன், கம்பம்தானே பிள்ளை?
மீதிக் காசை எண்ணியபடியே சொன்னாள்:
இல்லை அக்கா. பலகைதான்.
என் காலுக்கு நடுவால் போனது.
நீங்கள் கத்தினது கேட்டது,
அதனால்தான் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று அந்தக் குளிசைக்குப் பில் போட மறந்துவிட்டேன்.

தெரிந்த பிறகும் வாய் கேட்கவில்லை.
நேற்றுக்கூட இருமல் பாணி வாங்க வந்த தபால்காரரிடம்
கம்பம் என்றுதான் சொன்னேன்.
அவர் தலையாட்டினார், அவருக்கு ஹொக்கியே தெரியாது.

இன்று முதல் பயிற்சி ஆட்டம், காலை ஏழரை.
கோலில் அஸ்மியா, தரம் பத்து.
கிருஷாந்தினியின் பழைய பாட்ஸ்
அவளுக்கு முழங்காலைத் தாண்டி ஏறி நிற்கிறது,
தாரா மாதிரி நடக்கிறாள்.
போன வருஷம் இருந்தவளை இவளோடு ஒப்பிடக்கூடாது
என்று வரும் வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.
வந்ததும் ஒப்பிட்டேன்.

தனுஜாயினி அடித்தாள்.
பந்து உறைபனியைக் கீறிக்கொண்டு போனது,
போன வழியெல்லாம் வெள்ளையில் பச்சைக் கோடு.
அஸ்மியா விழுந்தாள். தொடவில்லை.
கோடு அவள் காலுக்கு நடுவால் நேராக உள்ளே போயிருந்தது,
பலகை டொக் என்றது,
மூடுபனி ஒரு துளி இல்லை,
மைதானமே எழுதி வைத்திருந்தது.

கோல் இல்லை! என்று கத்தினேன்.

அஸ்மியா திரும்பிப் பார்த்தாள்.
பாட்ஸில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு
கம்பத்தைத் தடியால் ஒருதரம் தட்டிப் பார்த்தாள்.

ஒன்பது மணிக்குள் அந்தக் கோடு உருகிவிடும்.
கடைச் சாவி என் பையில் இருக்கிறது.
முதலாளி இரண்டு தடவை எடுத்துவிட்டார்.